இஷியின் அம்புகள்

அம்பு என்றால் நமக்கெல்லாம் ராமர், அர்ச்சுனன், அப்புறம் கண்ணப்பர். ஒரு அம்பை விட்டால் அது ஆயிரமாகப் பிரிந்து மழையாகக் கொட்டும் டிவி சீரியல் அம்புகள் வேறு. அந்த அம்பை யார் செய்தார்கள், எந்தக் குச்சியில் செய்தார்கள், முனை கழன்று விழாமல் எப்படி நிற்கிறது என்றெல்லாம் நாம் கேட்பதே இல்லை. "கற்கால மனிதன் கல்முனை அம்புகளால் வேட்டையாடினான்" என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் தலை சுற்றும். இரும்புக் கத்தி கிடையாது. துளை போட ஆணி கிடையாது. பசை வாங்கக் கடை கிடையாது. இந்த நிலையில் ஒரு நேரான குச்சி, ஒரு கூரான கல், மூன்று இறகு மூன்றையும் சேர்த்து, மானைக் கொல்லும் அளவுக்கு நேராகப் பறக்கும் ஒரு பொருளைச் செய்யுங்கள் பார்ப்போம்!

தொல்லியல் படித்தவர்களுக்கும் இதே சங்கடம்தான். மண்ணைத் தோண்டினால் முனை மட்டும் கிடைக்கும். தண்டு மக்கிப்போயிருக்கும், இறகைப் பூச்சி தின்றிருக்கும், கட்டிய நார் இருந்த இடமே தெரியாது. நம் பக்கத்து இலங்கையில் ஃபாஹியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகள் சுமார் 48,000 ஆண்டு பழையவை, அவை அம்பு முனைகளாக இருக்க வேண்டும் என்று 2020ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் அங்கேயும் கிடைத்தது முனைகள்தான், அம்பு இல்லை. முழு அம்பு கிடைப்பது அபூர்வம். 1991ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஓட்ஸி என்று பெயர் வைக்கப்பட்ட 5,300 ஆண்டு பழைய மனிதர் கிடைத்தாரே, அவருடைய அம்பறாத்தூணியில் 14 தண்டுகள் இருந்தன. அதில் 2 மட்டும்தான் கல்முனையும் இறகும் வைத்து முடிக்கப்பட்டவை. மற்ற 12ம் பாதி வேலையில் நிற்கின்றன. (பாவம், வேலையை முடிப்பதற்குள் அவர் தோளில் இன்னொருவர் செய்த கல்முனை அம்பு பாய்ந்துவிட்டது. அந்த முனையை எக்ஸ்ரே மூலம் 2001ல்தான் கண்டுபிடித்தார்கள்.) எல்லாம் சரி, ஆனால் ஓட்ஸியிடம் போய் "ஐயா, இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்க முடியாதே!

அப்படிக் கேட்க முடிந்த ஒருவர் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இருந்தார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1911 ஆகஸ்ட் 29. கலிஃபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்கு வெளியே ஒரு மாடு வெட்டும் கொட்டடி. அதன் வேலியோரம் ஒரு மனிதர் பசியில் சோர்ந்துபோய் நின்றிருந்தார். வயது ஐம்பதுக்குப் பக்கம். தலைமுடி தீயால் பொசுக்கப்பட்டுக் குட்டையாக இருந்தது (அது அவர்கள் வழக்கத்தில் துக்கத்தின் அடையாளம்). அவர் பேசிய மொழி யாருக்கும் புரியவில்லை. ஆங்கிலம், ஸ்பானிஷ், பக்கத்துப் பழங்குடி மொழிகள் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஷெரிஃப் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் அவரைச் சிறையில் ஒரு அறையில் வைத்தார். செய்தி பத்திரிகையில் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் துறையிலிருந்து தாமஸ் வாட்டர்மேன் என்பவர் ரயிலேறி வந்தார். கையில் யானா என்ற பழங்குடி மொழியின் சொற்பட்டியல். ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்காட்டினார். பதில் இல்லை. கடைசியில் 'சிவினி' என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டே கட்டிலின் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். சிவினி என்றால் மஞ்சள் பைன் மரம். அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. அவரும் கட்டிலைத் தட்டி 'சிவினி' என்றார். இரண்டு பேருக்கும் இடையில் முதலில் புரிந்த சொல் ஒரு மரத்தின் பெயர்! மரத்தோடும் கல்லோடும் வாழ்ந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் சொல் கிடைத்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் யாஹி என்ற இனத்தைச் சேர்ந்தவர். யானா மக்களில் தெற்கே இருந்த ஒரு பிரிவு. தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அவருக்காகச் சொல்ல இனத்தில் வேறு ஆளும் இல்லை. அதனால் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் க்ரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். யானா மொழியில் இஷி என்றால் மனிதன். அவருடைய உண்மைப் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஏன் வேறு ஆள் இல்லை என்பதைச் சொல்லாமல் அம்புக்குப் போக முடியாது. 1848ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். ஆற்றில் மீன் போனது, காட்டில் மான் குறைந்தது. பசிக்கு மாடு திருடிய பழங்குடிகளை, வந்தேறிகள் கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடினார்கள். 'வேட்டையாடினார்கள்' என்று நான் அழகுக்குச் சொல்லவில்லை, நாயை விட்டுத் தடம் பார்த்துப் போய்ச் சுட்டார்கள். யாஹி மக்கள் மொத்தமே சில நூறு பேர்தான். 1865ல் ஒரு கிராமத்தில் தூக்கத்தில் இருந்தவர்களைச் சுட்டார்கள். 1871ல் கிங்ஸ்லி குகை என்ற இடத்தில் சுமார் 30 பேரைக் கொன்றார்கள், குழந்தைகள் உட்பட. கலிஃபோர்னியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1846ல் சுமார் 1,50,000 ஆக இருந்த பழங்குடி மக்கள்தொகை 1870 வாக்கில் சுமார் 30,000 ஆகச் சரிந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் பெஞ்சமின் மேட்லி. அந்த மாநிலத்தின் ஆளுநர் அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2019ல்தான்.

மிஞ்சிய ஒரு சிலர் மில் க்ரீக், டீர் க்ரீக் என்ற ஓடைகளின் பள்ளத்தாக்குகளில் ஒளிந்துகொண்டார்கள். ஒளிந்துகொண்டார்கள் என்றால் ஓரிரு வருஷம் இல்லை, கிட்டத்தட்ட 40 வருஷம்! கல் மேல் கல்லாகத் தாவி நடப்பார்கள், காலடித் தடம் பதியக்கூடாது. சின்னதாகத்தான் நெருப்பு, புகை தெரியக்கூடாது. துப்பாக்கி சத்தம் போடும். வில் போடாது. யோசித்துப் பாருங்கள், இந்த இடத்தில் வில்லும் அம்பும் 'பழமையான' ஆயுதம் இல்லை. உயிரோடு இருப்பதற்கு அதைவிடச் சிறந்த ஆயுதம் அவர்களிடம் இருந்திருக்க முடியாது. 1908ல் ஒரு மின் கம்பெனியின் நில அளவையாளர்கள் தற்செயலாக அவர்களின் கடைசி மறைவிடத்தைப் பார்த்துவிட்டார்கள். அப்போது இருந்தது நாலே பேர். இரண்டு பேர் ஓடிவிட, நடக்க முடியாத இஷியின் தாய் மட்டும் போர்வைக்குள் கிடந்தார். வந்தவர்கள் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வில், அம்பு, கூடை, தோல் போர்வை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னைக் கேட்டால் துப்பாக்கிச் சூட்டைவிடக் குறைந்த கொடுமை இல்லை இது. அந்த அம்பு ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை நாள் வேலை இருந்தது என்று கீழே சொல்கிறேன், அப்போது தெரியும். சீக்கிரத்தில் தாய் இறந்துபோனார். மற்ற இரண்டு பேரை இஷி அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. தனியாக இருந்துவிட்டுத்தான் 1911ல் அந்தக் கொட்டடிக்கு வந்து சேர்ந்தார்.

அவரை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அழைத்துப்போய்ப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே ஒரு அறை கொடுத்தார்கள். மாதம் 25 டாலர் சம்பளத்தில் அங்கேயே உதவியாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு அம்பு முனை செய்து காட்டுவார். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துக் கட்டடம் மருத்துவக் கல்லூரி. அங்கே சாக்ஸ்டன் போப் என்று ஒரு அறுவைசிகிச்சை டாக்டர். 1912ல் இருவருக்கும் பழக்கமானது. டாக்டருக்கு இஷியிடம் வில்வித்தை கற்றுக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது. அறுவைசிகிச்சை நிபுணர் அல்லவா, கையையும் கருவியையும் கவனிக்கத் தெரிந்தவர். இஷி செய்வதை அங்குல அளவோடு எழுதிவைத்தார். 1918ல் 'யாஹி வில்வித்தை' என்ற நூலாக அது வந்தது. நமக்கு இவ்வளவு விவரம் தெரிவது பெரும்பாலும் அவர் தயவில்தான். நெல்ஸ் நெல்சன் என்ற தொல்லியலாளரும் இஷி கல் செதுக்குவதை நேரில் பார்த்து 1916ல் எழுதியிருக்கிறார்.

இனி அம்புக்கு வருவோம்.

முதலில் தண்டு. இஷிக்குப் பிடித்தது ஹேசல் என்ற புதர்ச்செடியின் நீண்ட நேரான போத்துகள். ஒரு மரத்தை அறுத்துப் பலகையாக்கி அதிலிருந்து தண்டு எடுப்பது இரும்பு வந்த பிறகு வந்த வேலை. கல் காலத்தில் தானாகவே நேராக வளரும் குச்சியைத் தேடிப்பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். (ஓட்ஸியின் தண்டுகளும் விபர்னம் என்ற புதர்ச்செடியின் குச்சிகள்தான்.) சுமார் 32 அங்குல நீளத்துக்கு வெட்டி, பட்டையை உரித்து, ஐந்தைந்தாகச் சேர்த்துக் கட்டிக் காய வைப்பார். குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இன்னும் அதிக நாள். கட்டி வைப்பது ஏனென்றால் தனியாகக் கிடந்தால் காயும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைந்துகொள்ளும்.

எவ்வளவு நேரான குச்சி என்றாலும் எங்காவது ஒரு கோணல் இருக்கும். அதற்குச் சின்னதாகக் கங்கு போட்டு வைத்துக்கொண்டு, வளைவு உள்ள இடத்தை அதன் மேல் காட்டிச் சூடாக்குவார். சூடானதும் கட்டைவிரலின் அடிப்பாகத்திலோ, கால் பெருவிரலிலோ வைத்து எதிர்ப்பக்கம் வளைப்பார். சூட்டில் மரம் இளகும், ஆறும்போது அந்த நிலையிலேயே இறுகிக்கொள்ளும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டின் நுனியிலிருந்து அடிவரை பார்ப்பார். மறுபடி கங்கு, மறுபடி விரல். பிறகு பள்ளம் உள்ள இரண்டு மணற்கற்களுக்கு நடுவே தண்டை வைத்து முன்னும் பின்னும் தேய்ப்பார். நம் உப்புத்தாளின் வேலையை அந்தக் கற்கள் செய்கின்றன. தடிமன் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு வந்ததும் நிறுத்திவிடுவார். 26 அங்குல நீளத்துக்கு வெட்டிக்கொள்வார்.

இந்த நேராக்கும் வேலைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நாணை விட்டதும் அம்பு குச்சி மாதிரி விறைப்பாகப் போவதில்லை. பின்னாலிருந்து பலமாகத் தள்ளப்படுவதால் அது மீன் நீந்துவதுபோல இப்படியும் அப்படியும் நெளிந்துகொண்டே வில்லைத் தாண்டிப் போகிறது. தண்டு ரொம்ப விறைப்பாக இருந்தால் ஒரு பக்கம் விலகும், ரொம்பத் தொய்வாக இருந்தால் மறுபக்கம் விலகும். வில்லின் பலத்துக்கு ஏற்ற நெளிவு வேண்டும். ஒரே வில்லுக்குச் செய்யும் எல்லா அம்பும் ஒரே மாதிரி நெளிய வேண்டும். மெதுவாக ஓட்டும் கேமராவில் பார்த்துத்தான் நமக்கு இது புரிகிறது. அவர் விரலால் வளைத்துப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அடுத்தது முன்தண்டு. இது நான் எதிர்பார்க்காத ஒன்று. கல்முனை நேராகப் பெரிய தண்டில் ஒட்டப்படவில்லை. சுமார் ஆறு அங்குலத்தில், கனமான வேறு மரத்தில் ஒரு சின்னத் தண்டு செய்து, அதைப் பெரிய தண்டுக்குள் செருகிவிடுவார்கள். அதற்குப் பெரிய தண்டின் முனையில் ஒரு துளை வேண்டும். கூரான எலும்பு ஒன்றை நிமிர்த்தி, இரண்டு கால் பெருவிரல்களுக்கும் இடையே கவ்விப் பிடித்துக்கொள்வார். அதன் மேல் தண்டை நட்டுவைத்து, மோர் கடைவதுபோல இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் உருட்டுவார். சுமார் ஒன்றரை அங்குலத்துக்குத் துளை இறங்கும். கால் அங்குலத்தைவிடச் சற்றே அதிகமான தடிமன் உள்ள ஒரு குச்சியில், அதைப் பிளக்காமல், நட்ட நடுவில், எலும்பால் துளை! முன்தண்டைப் பிசின் வைத்துச் செருகி, அதன் மேல் மான் தசைநாரைச் சுற்றிக் கட்டுவார். கனம் முன்பக்கம் இருப்பதால் அம்பு நேராகப் போகும். மான் அம்போடு ஓடிப் புதரில் இடித்தால் சின்னத் தண்டுதான் உடையும், அரும்பாடுபட்டு நேராக்கிய பெரிய தண்டு பிழைக்கும். ஓட்ஸியின் அம்பு ஒன்றிலும் இதே அமைப்பு இருக்கிறது. இருவருக்கும் நடுவில் ஐயாயிரம் வருஷமும் ஒரு பெருங்கடலும்!

தசைநார் என்றேனே, அது ஒரு அற்புதமான பொருள். மானின் முதுகிலும் காலிலும் உள்ள நார். காய்ந்தால் கட்டை மாதிரி இருக்கும். வாயில் போட்டு மென்றால் இளகி நூலாகப் பிரியும். எச்சில் ஈரத்தோடு சுற்றினால் தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளும், முடிச்சே தேவையில்லை. காயும்போது சுருங்கி இறுக்கிப் பிடிக்கும். நூல், பசை, இறுக்கும் வளையம் மூன்றும் ஒன்றிலேயே. இறகு கட்டுவதற்கும் இதுதான். கழுகு, பருந்து, வான்கோழி போன்றவற்றின் இறகை நடுநரம்பு வழியாகப் பிளந்து, மூன்று பாதிகளைத் தண்டின் பின்பக்கம் வைத்துக் கட்டுவார். பிறகு ஒரு கல் சில்லால் ஓரத்தைச் சீராக வெட்டிவிடுவார். கட்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் தண்டுக்கு வண்ண வளையங்கள் தீட்டிவிடுவார். வளையம் எதற்கு என்று கேட்காதீர்கள். நாம் நோட்டுப்புத்தகத்துக்கு அட்டை போடுவது எதற்கோ அதற்கு.

கடைசியாக முனை. அப்சிடியன் என்பது எரிமலைக் குழம்பு வேகமாக ஆறி உறைந்த கண்ணாடி, பெரும்பாலும் கறுப்பு. அதற்கு உள்ளே படிகமோ அடுக்கோ கிடையாது. அதனால் எந்தப் பக்கமும் உடையும், உடைந்த இடம் சிப்பி ஓட்டின் உட்புறம் மாதிரி வளைவாக வழுவழுப்பாக இருக்கும். உடையும் ஓரமோ சவரக்கத்தியைவிடக் கூர்மை. சில அறுவைசிகிச்சைகளில் அப்சிடியன் கத்தியைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்.

பெரிய கட்டியின் மேல் ஒரு எலும்புத் துண்டை வைத்து, அதை வேறொரு கல்லால் ஓங்கி அடிப்பார். சில்லுகள் பெயர்ந்து விழும். நல்ல சில்லாகப் பார்த்து எடுத்துக்கொள்வார். இதுவரைதான் அடிக்கிற வேலை. இதற்குப் பிறகு எல்லாமே அழுத்துகிற வேலை. கல்முனை என்றால் கல்லை வைத்துக் கல்லைத் தட்டித் தட்டிச் செய்தது என்றுதான் நம்மில் பலரும் நினைப்போம். அப்படித் தட்டினால் இவ்வளவு மெல்லிய சில்லு இரண்டாக உடைந்துவிடும். இடது உள்ளங்கையில் தோல் துண்டை விரித்து அதன் மேல் சில்லை வைத்து விரல்களால் கவ்விக்கொள்வார். வலது கையில் ஒரு அடி நீளக் கைப்பிடியில் கட்டிய மான்கொம்பு நுனி. (அருங்காட்சியகத்துக்கு வந்த பிறகு கொம்புக்குப் பதில் மென்மையான இரும்பும் உண்டு.) அந்த நுனியைச் சில்லின் ஓரத்தில் வைத்து, கீழ்நோக்கி அழுத்துவார். டிக்கென்று ஒரு சின்னப் பொருக்கு அடிப்பக்கத்திலிருந்து பெயர்ந்து விழும். பக்கத்தில் இன்னொன்று. அப்படியே திருப்பிப்போட்டு மறுபக்கம். கண்ணாடி நசுக்குவதைத் தாங்கும், பிய்ப்பதைத் தாங்காது. அந்த பலவீனத்தைத்தான் இந்த வேலை முழுவதும் நம்பியிருக்கிறது. கடைசியில் இன்னும் மெல்லிய நுனியால் அடிப்பாகத்தில் இருபக்கமும் காடி வெட்டுவார், தசைநார் மாட்டிக்கொள்வதற்காக. ஒரு முனைக்குச் சுமார் அரை மணி நேரம். முன்தண்டின் நுனியில் உள்ள பிளவில் சூடான பிசினைத் தடவி, முனையைச் செருகி, காடிகள் வழியாகத் தசைநாரைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினால் அம்பு தயார்.

கண்ணில் சில்லு தெறித்தால்? அதற்கும் வழி வைத்திருந்தார். கண்ணைக் கசக்க மாட்டார், இமைக்கவும் மாட்டார். கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக் குனிந்து, தன் உச்சந்தலையில் தானே ஓங்கி ஒரு குத்து! சில்லு கீழே விழுந்துவிடும். டாக்டர் போப் இதைப் பதிவு செய்திருக்கிறார். கண் டாக்டர்கள் யாரும் சிபாரிசு செய்வார்கள் என்று தோன்றவில்லை, நீங்களும் முயற்சி செய்ய வேண்டாம்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் இஷி செய்த முனைகளில் நிறைய, அப்சிடியனில் செய்தவை அல்ல. புட்டிக் கண்ணாடி! பியர் புட்டி மாதிரியானவைதான். இது சான் ஃபிரான்சிஸ்கோ வந்து கற்றதும் இல்லை. ஒளிந்திருந்த காலத்திலேயே வெள்ளையர் வீசிப்போன புட்டிகளில் யாஹிகள் முனை செய்துகொண்டிருந்தார்கள். அப்சிடியன் தேடி வெளியே போவது உயிருக்கு ஆபத்து, புட்டியோ குப்பையில் கிடக்கிறது. 'கற்கால மனிதன்' என்று பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தன. குப்பையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்ததும் "இதுவும் அதே மாதிரிதான் உடையும்" என்று புரிந்துகொள்கிற மூளை எந்தக் காலத்து மூளை என்று அவர்கள் யோசிக்கவில்லை.

கல்முனை இரும்பைவிட மட்டம் என்பதும் அப்படி ஒரு நினைப்புத்தான். போப் ஒரு பெட்டியில் மாட்டு ஈரலை நிரப்பி, மேலே மான்தோல் போர்த்தி, எஃகு முனை அம்பையும் அப்சிடியன் முனை அம்பையும் எய்து பார்த்தார். அப்சிடியன்தான் ஆழமாகப் போனது. அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியால் கொல்வதில்லை, அறுத்து ரத்தம் போகவைத்துக் கொல்கிறது. அறுப்பதில் கண்ணாடியை யார் ஜெயிப்பது? ஆனால் எலும்பில் பட்டால் கல் உடையும், எஃகு உடையாது. போப் பிற்பாடு தன் வேட்டைக்கு எஃகைத்தான் பிடித்துக்கொண்டார்.

வில்லைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். ஜூனிபர் மரம், முதுகில் ஒட்டிய மான் தசைநார், நீளம் மூன்றரை அடிக்குப் பக்கம். கீழே கிடக்கும் வில்லை யாரும் தாண்டக்கூடாது என்பது இஷியின் கண்டிப்பு. (எங்கள் பாட்டி அருவாமனைக்குச் சொல்வதும் இதேதான்.) வட்டம் போட்ட இலக்கில் எய்யச் சொன்னால் இஷி சுமார்தானாம். அவர் பழகியது வேறு. மானின் பாடம்செய்த தலையை மாட்டிக்கொண்டு புதருக்குப் பின்னால் ஒளிவது, விரலை உதட்டில் வைத்து முத்தமிடுவதுபோலச் சத்தம் எழுப்பி முயலை அருகே வரவைப்பது, பத்து இருபது கஜத்தில் எய்வது. வேட்டைக்கு முன் குளிப்பார், மீன் தின்ன மாட்டார், புகையிலை தொட மாட்டார். எல்லாம் வாசனைக்காக. 1914 மே மாதத்தில் க்ரோபர், வாட்டர்மேன், போப் ஆகியோர் அவரைத் திரும்ப டீர் க்ரீக் காட்டுக்கே அழைத்துப்போனார்கள். தன் சொந்தங்கள் செத்துப்போன அந்த இடத்துக்குப் போக அவர் முதலில் தயங்கினார். பிறகு போய் எல்லாவற்றையும் காட்டினார்.

அவர் செய்த முனைகள் அவரைப் பற்றியே ஒரு ரகசியத்தைச் சொல்கின்றன என்று 1990களில் ஸ்டீவன் ஷாக்லி என்ற ஆய்வாளர் எழுதினார். யாஹி நிலத்தில் தோண்டி எடுத்த பழைய முனைகள் குட்டையாக, அடிக்காம்பு குறுகலாக இருக்கும். இஷியுடையவை நீளமாக, பக்கத்தில் காடி வெட்டி, அடியில் குழிவாக இருக்கின்றன. இது பக்கத்து விண்ட்டு, நோம்லாக்கி மக்களின் பாணி. ஆக அவருடைய தந்தையோ மாமாவோ அந்த இனத்தவராக இருந்து, அவரிடம் கற்றிருக்கலாம், அவர் 'கடைசி சுத்தமான யாஹி' இல்லை என்பது ஷாக்லியின் வாதம். எனக்கு இதில் பாதி சம்மதம். கொலைகளுக்குத் தப்பியவர்கள் யார் மிச்சமோ அவர்களோடு சேர்ந்துகொண்டிருப்பார்கள், நம்பக்கூடியதுதான். அதே நேரம், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்காக, கண்ணாடியில், நிதானமாகச் செய்த முனையும், பசியோடு மானுக்காகச் செய்த முனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா என்ன? எப்படி இருந்தாலும் ஒரு மனிதரின் குடும்பக் கதையைக் கல்லின் காடியில் தேடுகிற நிலைமை வந்ததற்குக் காரணம் அந்தக் குடும்பத்தில் கேட்க யாரையும் மிச்சம் வைக்காததுதான்.

1916 மார்ச் 25ல் இஷி காசநோயில் இறந்தார். நகரத்துக்கு வந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. அப்போது நியூயார்க்கில் இருந்த க்ரோபர், உடலை அறுக்கக் கூடாது என்று கடுமையாகக் கடிதம் எழுதினார். கடிதம் வருவதற்குள் அறுத்துவிட்டார்கள், மூளையைத் தனியே எடுத்துவிட்டார்கள். சவப்பெட்டியில் நண்பர்கள் அவருடைய ஒரு வில், ஐந்து அம்புகள், ஒரு கூடை ஓக் கொட்டை மாவு, சிப்பிப் பாசிகள், புகையிலை, சில அப்சிடியன் சில்லுகள் எல்லாம் வைத்து, அவற்றோடு தகனம் செய்தார்கள். சாம்பல் ஒரு மண்பானையில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஒரு மயானத்துக்குப் போனது. மூளையோ 1917ல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போனது. அனுப்ப ஏற்பாடு செய்தவர் யார் தெரியுமா? அறுக்காதீர்கள் என்று கடிதம் எழுதிய அதே க்ரோபர்! இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. துக்கமா, வேலைப் பழக்கமா, இனி என்ன இருக்கிறது என்ற விரக்தியா... பெர்க்லியில் அவர் பெயர் தாங்கியிருந்த கட்டடத்திலிருந்து 2021ல் அந்தப் பெயரை நீக்கினார்கள்.

போப் கற்ற வில்வித்தை பரவியது. அவர் 1923ல் எழுதிய வேட்டைப் புத்தகத்தைப் படித்தவர்களால் அமெரிக்காவில் வில் வேட்டை ஒரு பெரிய பொழுதுபோக்காக வளர்ந்தது. 1961ல் தொடங்கிய அவர்களுடைய சங்கத்துக்குப் போப்பின் பெயரும் அவருடைய கூட்டாளி யங்கின் பெயரும்தான். இஷியின் பெயர் அதில் இல்லை.

மூளை எங்கே என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். அவருடைய எச்சங்களை ஊர் மண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1997ல் ஓரோவில் பக்கத்துப் பழங்குடியினர் கிளம்பினார்கள். மானுடவியலாளர் ஓரின் ஸ்டார்ன் பழைய கடிதங்களைத் துழாவி, மூளை ஸ்மித்சோனியனின் கிடங்கில்தான் இருக்கிறது என்று 1999ல் கண்டுபிடித்தார். யானா வழி வந்தவர்கள் ரெடிங் ரான்செரியா, பிட் ரிவர் ஆகிய பழங்குடிச் சமூகங்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் 2000 ஆகஸ்டில் மூளை ஒப்படைக்கப்பட்டது. மயானத்திலிருந்து சாம்பலையும் எடுத்துவந்து இரண்டையும் சேர்த்து அவருடைய மலைப் பகுதியிலேயே அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்று வெளியாருக்குச் சொல்லவில்லை. அவர் கையால் செய்த அம்புகளும் கண்ணாடி முனைகளும் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கின்றன.